படிவமும் பொதிபாறையும்

நுழையும்முன்

கல்லுக்குள் புதைந்த ஓர் உயிரின் எச்சம் கிடைத்ததும், அதைச் சூழ்ந்துள்ள கல்லை முழுவதும் நீக்கிவிட வேண்டும் என்றே எவருக்கும் தோன்றும். நீக்கிய கல்லைத் திரும்பச் சேர்க்க இயலாது. அந்தக் கல்லுக்குள்ளும் செய்தி இருந்திருக்குமானால் அச்செய்தி என்றென்றைக்கும் அழிந்துபோகும். எவ்வளவு கல்லை நீக்குவது, எவ்விடத்தில் உளியை நிறுத்துவது என்பன தொல்லுயிரியலின் அடிப்படை வினாக்கள். அவற்றை இந்திய மண்ணில் நிகழ்ந்த சில உண்மை நிகழ்வுகளின் துணையோடு ஆராய்கிறது இப்பாடம்.

மலைமேல் இல்லாததும் சமவெளியில் இருப்பதும்

முருகனின் அறுபடை வீடுகளுள் ஒன்றான திருத்தணிக்குச் செல்வோர் 365 படிகளை ஏறி மலையுச்சியை அடைவர். ஆண்டின் நாள்களை எண்ணிக் கட்டியவை அப்படிகள் என்பர். அங்கிருந்து வடக்கே நோக்கினால் ஆந்திர எல்லையில் நகரி மலைத்தொடர் தெரியும். இம்மலைகளின் பாறைகள் மிகப் பழமையானவை. எலும்பும் இலையும் உடைய உயிர்கள் உலகில் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே உருவானவை. ஆதலால் அவற்றுள் விலங்குகளின் எலும்புகளையோ மரங்களின் இலைகளையோ தேடிப் பயனில்லை.

ஆனால், அதே மலையிலிருந்து கிழக்கு நோக்கி இறங்கும் சமவெளியின் கதை வேறு. தெற்கே திருப்பெரும்புதூர் தொடங்கி வடக்கே ஆந்திரத்தின் சத்தியவேடு வரை, மண்ணுக்கு அடியிலும் ஓடைக்கரைகளிலும் வெளிறிய களிப்பாறைகளும் மணற்கற்களும் ஆங்காங்கே தலைகாட்டுகின்றன. களிப்பாறையின் ஏடுகளைப் பிரித்தால் சில இடங்களில் இலைகளின் பதிவுகள் தென்படும். அவற்றுள் டைலோபில்லம் என்னும் அழிந்துபோன தாவரத்தின் இலை குறிப்பிடத்தக்கது. நடுநரம்பின் இருபுறமும் சிற்றிலைகள் சீப்பின் பற்களைப் போல வரிசையாக அமைந்திருக்கும். ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியில் வளர்ந்த செடியின் சுவடு அது.

இப்பாறைகளை முறையாக ஆராய்ந்து எழுதியவர் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட். பல்லாவரத்தில் 1863ஆம் ஆண்டு பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்து, இந்தியத் தொல்பழங்கால ஆய்வுக்கு வித்திட்டவரும் அவரே. அதே ஆண்டில் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் அத்திரம்பாக்கத்திலும் கற்கருவிகளைக் கண்டார். அத்திரம்பாக்கத்தில் கற்கருவிகள் கிடைக்கும் மண்ணடுக்குகளுக்கு அடித்தளமாக அமைந்திருப்பது மேற்சொன்ன பழங்களிப்பாறையே. மனிதன் கையாண்ட கல் மேலேயும், மனிதன் தோன்றுவதற்கு முன்பிருந்த உலகின் பதிவு கீழேயும் அங்கே அடுக்கி வைக்கப்பட்டுள்ளன.

அத்தகைய களிப்பாறைத் துண்டு ஒன்றில் இலையின் நுனி மட்டும் தெரிகிறது என்று கொள்வோம். மீதி இலை கல்லுக்குள் மறைந்திருக்கிறது. அதைக் காண வேண்டுமானால் மேலுள்ள கல்லைச் சிறுசிறு சில்லுகளாகப் பெயர்க்க வேண்டும். எவ்வளவு பெயர்ப்பது? இலையின் விளிம்பு வரையா? அதற்கும் அப்பாலா? பெயர்க்கும் சில்லில் மற்றோர் இலையோ, ஒரு பூச்சியின் சிறகோ இருந்தால் என் செய்வது? எளிய இவ்வினாக்களிலிருந்தே இப்பாடத்தின் பொருள் தொடங்குகிறது.

பொதிபாறை சொல்லும் செய்தி

புதைபடிவத்தைத் தன்னுள் பொதிந்து வைத்திருக்கும் கல்லைப் பொதிபாறை எனலாம். படிவத்தின்மீது படிந்துள்ள பொதிபாறையை நீக்கி, அதனை ஆய்வுக்கும் காட்சிக்கும் உரியதாக்கும் கலை படிவத் துலக்கம் ஆகும். அப்பணியைச் செய்பவரைத் துலக்குநர் என்போம்.

பொதிபாறையை வெறும் உறை என்று கருதுவது பிழை. உயிர் இறந்தபின் அதன்மீது படிந்த சேறும் மணலுமே காலப்போக்கில் இறுகிப் பொதிபாறையாயின. ஆகவே, அவ்வுயிர் மடிந்த இடத்தின் நிலைமைக்கு அதுவே நேர்ச்சான்று. மணல்துகள் பருமனாக இருந்தால் நீர் விரைந்து ஓடியிருக்க வேண்டும். மென்மையான களியாக இருந்தால் நீர் அசைவற்றுக் கிடந்திருக்க வேண்டும். எலும்புகள் எத்திசை நோக்கிக் கிடந்தன, ஒன்றோடொன்று பொருந்தியிருந்தனவா, சிதறிக் கிடந்தனவா என்பனவற்றை எல்லாம் பொதிபாறை அப்படியே பிடித்து வைத்திருக்கிறது.

அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களின் சுண்ணாம்புக்கல்லும் களிமண்ணும் இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு. கிரெட்டேசியஸ் காலத்தில் அப்பகுதியைக் கடல் சூழ்ந்திருந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஹென்றி பிளான்ஃபோர்டு அப்பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். அங்கே கிடைக்கும் அம்மோனைட்டு என்னும் சுருள்ஓட்டு உயிரியின் படிவம் எல்லார் கண்ணையும் கவரும். ஆனால், அந்த ஓட்டின் மடிப்புகளில் ஒட்டியிருக்கும் ஒரு பிடி மண்ணைக் கழுவி நுண்ணோக்கியில் பார்த்தால், ஃபோராமினிஃபெரா என்னும் ஒற்றைச்செல் கடலுயிரிகளின் நுண்ணிய ஓடுகள் தென்படக்கூடும். பாறையின் வயதை அறியவும், கடலின் ஆழத்தை மதிப்பிடவும் நிலவியலார் பெரிதும் நம்புவது அந்த நுண்ணோடுகளையே. அம்மோனைட்டைப் பளபளவெனத் துலக்கிவிட்டு மண்ணைக் கொட்டிவிடுபவர், கடிதத்தை எறிந்துவிட்டு உறையைப் போற்றி வைப்பவரை ஒப்பார்.

முட்டைக்கூட்டில் மறைந்திருந்த பாம்பு

பொதிபாறையை அவசரப்பட்டு நீக்காமல் வைத்திருந்ததால் கிடைத்த பெரும் பயனுக்கு இந்தியாவிலேயே ஒரு சான்று உண்டு. குஜராத்தின் தோலி துங்ரி என்னும் சிற்றூரில், 1984ஆம் ஆண்டு இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த தனஞ்சய் மொகாபே ஒரு பாறைத் தொகுதியைக் கண்டெடுத்தார். அதில் டைனோசரின் முட்டைகளும் சில சிறிய எலும்புகளும் பதிந்திருந்தன. முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த டைனோசர் குஞ்சின் எலும்புகளே அவை என்று 1987இல் அவர் விவரித்தார். அப்பாறை முழுவதும் துலக்கப்படாமல் அப்படியே பாதுகாக்கப்பட்டது.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத் தொல்லுயிரியலாளர் ஜெஃப்ரி வில்சன் 2001ஆம் ஆண்டு அப்பாறையைப் பார்வையிட்டார். எலும்புகளுள் சிலவற்றின் மூட்டமைப்பு டைனோசருக்கு உரியதன்று என்பது அவருக்குப் புலப்பட்டது. அவ்வாறு ஒன்றோடொன்று பூட்டிக்கொள்வது பாம்பின் முள்ளெலும்புகளின் இயல்பு. 2004ஆம் ஆண்டில் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி அப்பாறை துலக்கப் பெற்றது. கல் மெல்ல மெல்ல விலக, வியத்தகு காட்சி ஒன்று வெளிப்பட்டது. உடைந்த முட்டை ஒன்றைச் சுற்றி ஒரு பாம்பு சுருண்டு கிடந்தது. அதன் அருகில் ஏறத்தாழ அரை மீட்டர் நீளமுள்ள டைனோசர் குஞ்சு. பாம்பின் நீளம் ஏறத்தாழ 3.5 மீட்டர். அப்பாம்புக்குச் சனாஜே இண்டிகஸ் என்று பெயரிட்டு, 2010ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரை வெளியிடப்பட்டது.

ஏறத்தாழ 6 கோடியே 70 இலட்சம் ஆண்டுகளுக்கு முன், இரைதேடி வந்த பாம்பும் இரையாக இருந்த குஞ்சும் திடீரெனச் சரிந்து வந்த மண்ணில் ஒருசேரப் புதையுண்டன. இன்றைய மலைப்பாம்பைப்போல வாயை அகல விரிக்கும் தாடையமைப்பு அப்பாம்புக்கு இல்லை. ஆகவே, அது முட்டையை விழுங்காமல் குஞ்சையே இரையாகக் கொண்டிருக்க வேண்டும் என ஆய்வாளர் கருதினர். இம்முடிவுக்கு வழிவகுத்தது தனித்தனி எலும்புகள் அல்ல. முட்டை, குஞ்சு, பாம்பு ஆகிய மூன்றும் ஒன்றற்கொன்று எவ்வளவு அண்மையில், எந்நிலையில் கிடந்தன என்ற உறவே ஆகும். முட்டைகள் அழகாகக் காட்சியளிக்க வேண்டும் என்பதற்காக முதலிலேயே அவற்றைக் கல்லிலிருந்து பிரித்தெடுத்திருந்தால், மூன்று முட்டைகள் கிடைத்திருக்கும், நிகழ்ச்சி கிடைத்திருக்காது. துலக்கிய பின்னரும் அம்மூன்றையும் ஒரே பாறையில் விட்டு வைத்ததன் காரணம் இதுவே.

இறகின் சுவடு

அயல்நாட்டு நிகழ்வு ஒன்றும் இங்கு ஒப்புநோக்கத் தக்கது. ஜெர்மனியின் சோல்ன்ஹோஃபன் சுண்ணாம்புக்கல்லில் கிடைத்த ஆர்க்கியாப்டெரிக்ஸ் என்னும் தொல்பறவையின் படிவத்தை, 1862ஆம் ஆண்டு இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகம் விலைகொடுத்து வாங்கியது. அப்படிவத்தின் சிறப்பு அதன் இறகுகளில் இருக்கிறது. ஆனால், இறகுகள் எலும்புகளைப்போல் எடுத்து வைக்கத்தக்க பொருளாக எஞ்சவில்லை. கல்லின் மேற்பரப்பில் பதிந்த மெல்லிய சுவடுகளாகவே அவை உள்ளன. எலும்பை மட்டும் பிரித்தெடுக்க எண்ணிக் கல்லைச் செதுக்கியிருந்தால், அவ்வுயிர் இறகுடையது என்னும் உண்மையே உலகுக்குத் தெரிந்திராது. அங்கே பொதிபாறையும் படிவத்தின் பகுதியே.

அப்படிவத்துக்குத் தலை இல்லை என்றே தொடக்கத்தில் கருதப்பட்டது. சில ஆண்டுகளுக்குப் பின், ஜான் எவான்ஸ் என்னும் அறிஞர் அதே கற்பலகையில் மூளைப்பெட்டியின் பகுதியையும், பற்களோடு கூடிய தாடைத்துண்டையும் அடையாளம் கண்டார். தேவையற்ற ஓரக்கல் என்று எண்ணி அப்பகுதியை எவரேனும் வெட்டி எறிந்திருந்தால், பறவையினத்தின் வரலாற்றில் இன்றியமையாத சான்று ஒன்று மறைந்திருக்கும்.

கல்லமேட்டின் இழப்பு

பொதிபாறைக்கு மற்றொரு பணியும் உண்டு. அது படிவத்தைத் தாங்கி நிற்கிறது. அத்தாங்குதல் எத்துணை இன்றியமையாதது என்பதைத் தமிழ்நாட்டு நிகழ்வு ஒன்று உணர்த்துகிறது.

அரியலூர் வட்டாரத்துக் கல்லமேடு என்னும் ஊரில் மிகப்பெரிய எலும்புகள் சில கிடைத்தன. இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி ஆகியோர் 1980களின் பிற்பகுதியில் அவற்றை விவரித்து, புருகத்காயோசாரஸ் மேட்லேயி என்று பெயரிட்டனர். பேருடல் கொண்ட பல்லி என்பது அப்பெயரின் பொருள். காலின் கீழெலும்பு மட்டுமே ஏறத்தாழ 2 மீட்டர் நீளம். முதலில் ஊனுண்ணி என்று கருதப்பட்ட இவ்விலங்கு, நீண்ட கழுத்துடைய தழையுண்ணி வகை என்று பின்னர்க் கொள்ளப்பட்டது. நிலத்தில் வாழ்ந்த விலங்குகளுள் மிகப் பெரியவற்றுள் ஒன்றாக அது இருந்திருக்கலாம்.

இருந்திருக்கலாம் என்று மட்டுமே கூற முடிகிறது. காரணம், அவ்வெலும்புகள் இன்று இல்லை. கல்லமேட்டின் மணலும் களியும் இறுகாத, எளிதில் உதிரும் தன்மை உடையவை. எலும்புகளும் அவ்வாறே நொய்ந்திருந்தன. களத்தில் அவற்றைச் சுற்றிப் பிளாஸ்டர் உறையிட்டும், ஆய்வகத்தைச் சென்றடையும் முன்னரே உறைக்குள்ளேயே அவை பொடிந்துபோயின. பின்னாளில் அவை விலங்கின் எலும்புகளா, கல்லாகிய மரக்கட்டைகளா என்ற ஐயம்கூட எழுந்தது. எடுத்துப் பார்த்துத் தெளிய எலும்பு இல்லாமையால் அந்த ஐயத்துக்கு நெடுநாள் விடை கூற இயலவில்லை. களத்தில் எடுத்த ஒளிப்படங்கள் சில 2022ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட பிறகே, அவை எலும்புகள் என்ற கருத்து வலுப்பெற்றது. ஒரு பேருயிரின் வரலாறு இப்போது சில படங்களையும் வரைபடங்களையும் மட்டுமே சார்ந்து நிற்கிறது.

இதனைக் குற்றம் காணும் நோக்கில் நினைவுகூரத் தேவையில்லை. நொய்ந்த எலும்பைக் காப்பது உலகெங்கும் கடினமான செயலே. இந்நிகழ்விலிருந்து துலக்குநர் கற்பது வேறு. எலும்பு கல்லைவிட மென்மையானதாக இருந்தால், கல்லே அதன் எலும்புக்கூடு ஆகிறது. அதனை நீக்கும் முன் எலும்பின் நுண்துளைகளில் பசைக்கரைசலை ஊறவிட்டு உறுதிப்படுத்த வேண்டும். களத்தில் தேவைக்கு மேல் ஒரு பிடி கல்லையேனும் கூடுதலாக விட்டுச் சூழ உறையிட வேண்டும். ஒவ்வொரு நிலையிலும் படம் எடுத்து வைக்க வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

களத்தில் பிளாஸ்டர் உறை இடும் முறை: படிவத்தைச் சுற்றி அகழி வெட்டி, அது கல்லோடு சேர்ந்து ஒரு மேடைமேல் நிற்குமாறு செய்வர். பிளாஸ்டர் படிவத்தில் ஒட்டாதிருக்க ஈரத்தாளை மூடுவர். பின்னர், பிளாஸ்டர் குழம்பில் தோய்த்த சாக்குத்துணிப் பட்டைகளை அடுக்கடுக்காகச் சுற்றுவர். அது காய்ந்து இறுகியபின் அடிப்பகுதியை அறுத்துத் தலைகீழாகத் திருப்பி, மறுபுறமும் உறையிடுவர். முறிந்த கைக்கு மருத்துவர் இடும் மாவுக்கட்டை இது ஒத்தது.

கருவிகளும் அவற்றின் எல்லைகளும்

ஆய்வகத்தில் துலக்குநர் கையாளும் கருவிகள் பல. கடினமான கல்லை முதலில் சிற்றுளியும் சுத்தியும் கொண்டு அகற்றுவர். படிவத்தை நெருங்கும்போது, காற்றழுத்தத்தால் அதிரும் எழுதுகோல் போன்ற கருவியைக் கையில் எடுப்பர். அதைவிட நுண்மை வேண்டின், பல்மருத்துவர் பயன்படுத்தும் ஊசிகளை நாடுவர். மென்மையான கல்லை நீக்க, சோடா உப்பு போன்ற நுண்பொடியைக் காற்றோடு கலந்து பீய்ச்சுவதும் உண்டு. பொடி கல்லைவிடக் கடினமாகவும் படிவத்தைவிட மென்மையாகவும் இருத்தல் வேண்டும் என்பதே அதன் விதி. கல்லும் எலும்பும் ஒரே கடினத்தன்மை உடையனவாயின் அம்முறை பயன்படாது.

சில பாறைகளுக்கு உளியைவிட அமிலமே ஏற்றது. வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்தை நீர்கலந்து சுண்ணாம்புக்கல்லின்மீது பயன்படுத்தினால் கல் கரையும். பாஸ்பேட்டால் ஆன எலும்பு நிற்கும். வெளிப்பட்ட எலும்புக்கு ஒவ்வொரு முறையும் பாதுகாப்புப் பூச்சு இட்டு, அமிலம் முற்றும் நீங்க நெடுநேரம் நீரில் கழுவி, மறுபடியும் அமிலத்தில் இடுவர். இவ்வாறு பல வாரங்கள், சிலவேளை பல மாதங்கள் கழியும். எனினும், இதே முறையை அரியலூரின் கிளிஞ்சல் படிவங்களுக்குப் பயன்படுத்தினால் பேரிழப்பு நேரும். அந்த ஓடுகளும் சுண்ணாம்புப் பொருளால் ஆனவை. கல்லோடு சேர்ந்து அவையும் கரைந்துவிடும். படிவம் எப்பொருளால் ஆனது, கல் எப்பொருளால் ஆனது என்று அறியாமல் கருவியைத் தொடலாகாது என்பதற்கு இது தக்க சான்று.

இலைப் படிவத்தின் இயல்பு வேறு. களிப்பாறையின் ஏடு பிளவுபடும்போது, இலையின் பதிவு இருபுறத் துண்டுகளிலும் அமையும். நன்கு தெரியும் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை எறிந்துவிடுவது புதியவர் செய்யும் பிழை. ஒரு துண்டில் நரம்பின் மேடு இருந்தால் மற்றொன்றில் அதன் பள்ளம் இருக்கும். ஒன்றில் உதிர்ந்த பகுதி மற்றொன்றில் ஒட்டியிருக்கும். இரண்டையும் சேர்த்தே ஓர் இலையாகக் கருத வேண்டும்.

எங்கே நிறுத்துவது?

இத்துணைக் கருவிகள் இருந்தும், எங்கே நிறுத்துவது என்பதை எந்தக் கருவியும் சொல்லித் தருவதில்லை. அதைத் துலக்குநரே முடிவு செய்ய வேண்டும். அம்முடிவுக்கு வருமுன் அவர் தமக்குள் சில வினாக்களை எழுப்பிக்கொள்கிறார்.

முதலாவது, இப்படிவம் எதற்காகத் துலக்கப்படுகிறது என்பது. கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் நிலவியல் அருங்காட்சியகத்தில் நிற்கும் பாராபாசாரஸ் தாகோரியின் எலும்புக்கூட்டை இங்கு எண்ணிப் பார்க்கலாம். கோதாவரிப் பள்ளத்தாக்கில் 1961ஆம் ஆண்டு அவ்விலங்கின் எலும்புகள் கிடைத்தன. அது இரவீந்திரநாத் தாகூரின் நூற்றாண்டு ஆதலால், அவர் பெயரை அவ்வினத்துக்குச் சூட்டினர். ஒவ்வோர் எலும்பையும் மற்றொன்றோடு பொருத்தி முழு உருவமாக நிறுத்த வேண்டுமாயின், கல்லை முற்றாக நீக்கியே ஆக வேண்டும். மூட்டுகளின் வடிவம், தசை பற்றிய தழும்புகள் ஆகியவற்றை எல்லாப் பக்கமும் காணவும் அது தேவை. அங்கே முழுத்துலக்கமே முறையான முடிவு. குஜராத் முட்டைக்கூட்டுக்கு அதே முடிவு பெருந்தவறாகியிருக்கும்.

இரண்டாவது, கல்லை நீக்கியபின் படிவம் தன் எடையைத் தானே தாங்குமா என்பது. தாங்காது எனில், ஒரு பக்கத்தைத் துலக்கி மறுபக்கத்தைக் கல்லிலேயே விடுவர். அக்கல் தொட்டில்போல் படிவத்தை ஏந்தி நிற்கும். மெல்லிய விலா எலும்புகளுக்கு இடையே சிறு கற்பாலங்களை விட்டு வைப்பதும் உண்டு.

மூன்றாவது, நீக்கப்போகும் கல்லில் வேறு செய்தி இருக்கக்கூடுமா என்பது. தோலின் பதிவு, இறகின் சுவடு, வயிற்றில் எஞ்சிய இரை, நுண்ணுயிரிகளின் ஓடுகள் ஆகியன எலும்பை ஒட்டிய கல்லிலேயே பெரும்பாலும் அமைகின்றன. ஆகவே, எலும்பை நெருங்க நெருங்கக் கை மெதுவாக வேண்டும். நீக்கிய கல்லையும் எறிந்துவிடாமல், எந்த எலும்பின் எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தது என்று எழுதிய பைகளில் இட்டு வைப்பர்.

நான்காவது, பின்வரும் ஆய்வாளர் இம்முடிவைச் சரிபார்க்க இயலுமா என்பது. துலக்கும்போது எலும்பின் விளிம்பு எது, கல்லின் விளிம்பு எது என்று துலக்குநரே தீர்மானிக்கிறார். அவர் மனத்தில் முன்கூட்டியே ஓர் உருவம் இருந்தால், கல்லை அவ்வுருவத்துக்கு ஏற்பச் செதுக்கிவிடும் இடர் உண்டு. ஓரிடத்திலேனும் தொடாத கல்லை விட்டு வைத்தால் அதுவே சான்றாக நிற்கும்.

இவற்றைக் கொண்டு, கல்லை எப்போதும் நீக்காதிருப்பதே அறிவு என்று முடிவு கட்டுவதும் தவறு. கல்லுக்குள்ளேயே கிடக்கும் எலும்பை மற்றொன்றோடு ஒப்பிட இயலாது. சில களிப்பாறைகள் ஈரத்தில் உப்பி, வெயிலில் சுருங்கிப் படிவத்தையே பிளந்துவிடும். பெரும்பாறையாகக் கிடங்கில் வைத்திருப்பதற்கு இடமும் பொருளும் தேவை. அஞ்சி நிறுத்துவதும் ஆய்ந்து நிறுத்துவதும் ஒன்றல்ல. முன்னது ஆய்வைத் தடுக்கும். பின்னது ஆய்வுக்கு இடம் வைக்கும்.

கல்லைத் தொடாமல் காணுதல்

பிற்காலத்தார்க்கு இடம் வைப்பது ஏன் தேவை என்பதைக் கருவிகளின் வரலாறு காட்டுகிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்லியம் சொல்லாஸ் என்னும் அறிஞர், கல்லுக்குள் இருக்கும் படிவத்தின் உள்ளமைப்பை அறியப் புதுமுறை ஒன்றைக் கையாண்டார். படிவத்தை நுண்ணிய அளவில் அடுக்கடுக்காகத் தேய்த்து, ஒவ்வோர் அடுக்கையும் பதிவு செய்து, பின்னர் முழுவடிவத்தை மாதிரியாக உருவாக்கினார். அறிவு பெருகியது, ஆனால், படிவம் தூளாகிப் போனது.

இன்று மருத்துவமனைகளில் உள்ள சி.டி. ஊடுகதிர்க் கருவி அதே வேலையைப் படிவத்தைத் தொடாமலே செய்கிறது. தொல்பறவையான ஆர்க்கியாப்டெரிக்ஸின் மூளைப்பெட்டியை அவ்வாறு ஊடுருவிக் கண்ட ஆய்வு 2004ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன் மூளை எவ்வடிவில் இருந்தது, உட்செவி எவ்வாறு அமைந்தது என்பனவற்றை அவ்வாய்வு விளக்கிற்று. 1860களில் அதைக் கையில் எடுத்தவர்கள் இத்தகைய கருவி வரும் என்று கனவிலும் எண்ணியிருக்க மாட்டார்கள். அவர்கள் விட்டு வைத்ததால் பின்வந்தோர் கண்டனர். ஊடுகதிருக்கும் எல்லை உண்டு. கல்லும் எலும்பும் ஒரே அடர்த்தி உடையனவாக இருந்தால் படத்தில் இரண்டையும் வேறுபடுத்துதல் அரிது. அங்கே ஊசியும் பொறுமையும் கொண்ட கையே இன்றும் துணை.

எடுக்காமலே விடுவதும் ஒரு முடிவு

சில வேளைகளில் படிவத்தை நிலத்திலிருந்து எடுக்காமலே விடுவதுதான் சிறந்தது. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் ஏறத்தாழ 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் ஒன்று கிடக்கிறது. நிலவியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940ஆம் ஆண்டு அதைக் கண்டறிந்தார். அவர் பின்னாளில் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் ஆவார். அக்கல்மரத்தை அறுத்து அருங்காட்சியகத்துக்குக் கொண்டு செல்லவில்லை. கிடந்த இடத்திலேயே வேலியிட்டுத் தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாகப் பாதுகாக்கின்றனர். விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையின் கல்மரங்களும் அவ்வாறே அவை கிடக்கும் நிலத்திலேயே காக்கப்படுகின்றன. கடலுக்கு அடித்து வரப்பட்டுச் சேற்றில் அமிழ்ந்த மரத்தின் கதையை, அது கிடக்கும் பாறையோடு சேர்த்துப் பார்க்கும்போதே சாத்தனூர் முழுமையாகச் சொல்கிறது.

ஏட்டுச்சுவடியும் கல்லேடும்

சிற்பியும் துலக்குநரும் ஒரே தொழிலைச் செய்வதுபோல் தோன்றலாம். இருவரும் கல்லை நீக்கி உருவத்தை வெளிக்கொணர்கின்றனர். ஆயினும், சிற்பி தம் மனத்தில் உள்ள வடிவத்தைக் கல்லில் காண்கிறார். துலக்குநர்க்கு அவ்வுரிமை இல்லை. கல்லில் உள்ள வடிவத்துக்குத் தம் மனத்தை இணங்க வைக்க வேண்டும். அவ்வகையில் அவர் ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்த தமிழறிஞர்களையே பெரிதும் ஒத்திருக்கிறார். செல்லரித்த ஏட்டில் பொருள் விளங்காத சொல் வந்தால், நல்ல பதிப்பாசிரியர் அதை நீக்கிவிட்டுத் தமக்கு விளங்கும் சொல்லை இட்டு நிரப்புவதில்லை. உ.வே.சாமிநாதையர் முதலியோர் பிற ஏடுகளில் கண்ட பாடவேறுபாடுகளையும் அடிக்குறிப்பில் கொடுத்தனர். தமக்கு விளங்காதது பின்வருவோர்க்கு விளங்கலாம் என்ற பணிவே அதன் அடிப்படை. துலக்குநர் விட்டு வைக்கும் கல்லும் அத்தகைய அடிக்குறிப்பே.

திருத்தணிக்குக் கிழக்கேயுள்ள சமவெளியில், கிணறு வெட்டும்போதோ சாலைக்கு மண் எடுக்கும்போதோ இலைப்பதிவு கொண்ட களிப்பாறை ஒன்று வெளிப்படக்கூடும். அதைக் காணும் மாணவர் உடனே சுத்தியைத் தேடவேண்டியதில்லை. கிடந்த நிலையிலேயே படம் எடுத்து, இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே பிளந்திருந்தால் இரு துண்டுகளையும் சேர்த்துத் தாளில் பொதிந்து வைத்தல் வேண்டும். நீரில் கழுவுதலும் துணியால் தேய்த்தலும் கூடா. பின்னர், ஆசிரியர் வழியாக நிலவியல் துறையினர்க்கோ அருங்காட்சியகத்தார்க்கோ தெரிவிக்கலாம். 12 கோடி ஆண்டுகள் கல் காத்து வந்த இலை, மேலும் சில நாள்கள் அக்கல்லுக்குள் இருப்பதால் குறைவு ஒன்றும் வந்துவிடாது.

கற்பவை கற்றபின்

1. பொதிபாறையை முழுவதும் நீக்க வேண்டிய சூழல் ஒன்றையும், நீக்கக் கூடாத சூழல் ஒன்றையும் பாடப்பகுதியிலிருந்து எடுத்துக்காட்டி, காரணங்களோடு எழுதுக.

2. கல்லமேட்டில் எலும்புகள் கிடைத்தபோது நீங்கள் களத்தில் இருந்திருந்தால், எந்தெந்தப் பணிகளை எந்த வரிசையில் மேற்கொண்டிருப்பீர்கள்? குழுவாகக் கலந்துரையாடி ஒரு செயல்திட்டம் உருவாக்குக.

3. ஏட்டுச்சுவடிப் பதிப்புக்கும் படிவத் துலக்கத்துக்கும் உள்ள ஒற்றுமை வேற்றுமைகளை அட்டவணைப்படுத்துக.

4. உங்கள் ஊரைச் சுற்றியுள்ள பாறை, மண் வகைகளைக் கண்டறிந்து, அவற்றுள் புதைபடிவம் கிடைக்கக்கூடுமா என்பதை வேதியியல், உயிரியல் ஆசிரியர்களோடு உரையாடி அறிக்கை அளிக்க.